பழைய வியூக விளையாட்டுகளை ரசிகர்கள் புதுப்பித்தால் சண்டை ஏன் வருகிறது?

1999-இல் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டுக்கு, 2023 முடிந்து 2024 பிறந்த வேளையில் ஒரு புதிய நகரம் வந்து சேர்ந்தது. விளையாட்டின் பெயர் ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’. நகரத்தின் பெயர் ஃபாக்டரி. இந்த விளையாட்டில் நகரம் என்பது ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் தரப்பு; அதற்கென்று தனிப் படையும் தலைவர்களும் உண்டு. மூல விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கும் இந்த நகரத்துக்கும் தொடர்பு இல்லை. அந்த நிறுவனம் மூடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நகரத்தை வரைந்து, இசையமைத்து, நிரல் எழுதிச் சேர்த்தவர்கள் ரசிகர்கள். ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ என்ற அவர்களுடைய தொகுப்பை எல்லாரும் சுருக்கமாக ‘ஹோட்டா’ என்கிறார்கள். அதற்கு விலை கிடையாது.

இப்படி ஒரு புதுப்பிப்பு வரும் ஒவ்வொரு முறையும் ரசிகர்களுக்குள் மோதல் வெடிக்கிறது. ‘எங்கள் விளையாட்டைக் கெடுத்துவிட்டார்கள்’ என்கிறது ஒரு சாரார். ‘இப்போதுதான் இது ஆடத் தகுந்ததாக ஆகியிருக்கிறது’ என்கிறது மறு சாரார். இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லை. பழமை விரும்பிகளுக்கும் புதுமை விரும்பிகளுக்கும் நடக்கும் வழக்கமான சண்டை என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

வியூக விளையாட்டு என்பது ஆடுபவர் ஒரு படையையோ நாட்டையோ மேலிருந்து நடத்துவது. வளம் சேர்ப்பது, கட்டுவது, படை திரட்டுவது, எதிரியை வெல்வது ஆகியவை அதன் உறுப்புகள். ஹீரோஸ் 3 சதுரங்கம் போல முறைவைத்து ஆடுவது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’, ‘ஸ்டார்கிராஃப்ட்’ போன்றவற்றில் முறை கிடையாது; எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள்.

சிங்கிள் பிளேயர் என்பதை இங்கே தனியாட்டம் என்போம். எதிரியாகக் கணினியே ஆடும். பெரும்பாலும் ‘கேம்பெயின்’ என்ற கதைத் தொடரை அத்தியாயம் அத்தியாயமாக ஆடுவது, அல்லது யாரோ செய்த ஒரு மேப்பை, அதாவது ஆட்டக்களத்தை, வாரக்கணக்கில் நிதானமாக ஆடுவது. மல்டிபிளேயர் என்பதைப் போட்டியாட்டம் என்போம். எதிரில் இன்னொரு மனிதர் இருக்கிறார்.

‘பேட்ச்’ என்பது பிழை திருத்தம். ‘மோட்’ என்பது விளையாட்டையே மாற்றுவது அல்லது கூட்டுவது. நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே கோடு மங்கலாக இருக்கிறது. ஒருவருக்குப் பிழையாகத் தெரிவது இன்னொருவருக்கு இருபது ஆண்டுகளாகப் பழகிய விதி. ‘சமநிலை’ என்பது எந்தத் தரப்பைத் தேர்ந்தெடுத்தாலும் வெல்ல ஏறக்குறைய ஒரே அளவு வாய்ப்பு இருப்பது. இந்தச் சொல்தான் சண்டையின் நடுப்புள்ளி.

விளையாட்டு ரசிகர் கைக்கு வந்த விதம்

ஹீரோஸ் 3-ஐ உருவாக்கியது நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங். வெளியிட்டது 3டிஓ என்ற அமெரிக்க நிறுவனம். ‘ஆர்மகெடான்ஸ் பிளேட்’, ‘ஷேடோ ஆஃப் டெத்’ என்று இரண்டு விரிவாக்கங்கள் வந்தன. 2003-இல் 3டிஓ திவாலானது. உரிமை பிரான்சின் யூபிசாஃப்ட்டிடம் சென்றது. அந்த நிறுவனம் இந்தத் தொடரில் அடுத்தடுத்த விளையாட்டுகளை வெளியிட்டது. மூன்றாவது அப்படியே நின்றது.

2015-இல் யூபிசாஃப்ட் மூன்றாவதை இன்றைய திரைகளுக்கு ஏற்பத் தெளிவாக்கிய எச்டி பதிப்பை வெளியிட்டது. அதில் இரண்டு விரிவாக்கங்களும் இல்லை, மேப்களைத் தானாக உருவாக்கும் கருவியும் இல்லை. விரிவாக்கங்களின் மூல நிரல் தொலைந்துபோனதே அதற்குக் காரணம். உரிமை வைத்திருப்பவரிடம் நிரல் இல்லை. நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து அறிந்துவைத்திருந்த ரசிகர்களிடம் உரிமை இல்லை. பழைய விளையாட்டுகள் பலவற்றின் நிலை இன்று இதுதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. உயிரோடிருக்கும் நிறுவனம் ஒரு பேட்ச் வெளியிட்டால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதுவே இனி விளையாட்டு. ரசிகர் குழு வெளியிடுவதற்கு அந்த அதிகாரம் கிடையாது. எத்தனை பேர் ஏற்று ஆடுகிறார்களோ அவ்வளவுதான் அதன் செல்வாக்கு. அதனால் ‘எது உண்மையான ஹீரோஸ் 3’ என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல நாற்காலி ஒன்று காலியாகவே கிடக்கிறது. இரு சாராரும் அதில் உட்காரப் பார்க்கிறார்கள்.

ஒரே எண், இரண்டு பொருள்

ஹீரோஸ் 3-இல் நெக்ரோமான்சி என்றொரு திறன் உண்டு. நெக்ரோபோலிஸ் என்ற பிணநகரத்தின் தலைவர்களுக்கு உரியது. போரில் வென்றபின், மாண்ட எதிரிகளில் ஒரு பங்கு எலும்புக்கூடுகளாக எழுந்து நம் படையில் சேரும். மூல விளையாட்டில் அந்தப் பங்கு மூன்று படிகளில் 10, 20, 30 விழுக்காடு. ஹோட்டா அதை 5, 10, 15 ஆகக் குறைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சின்னத் திருத்தம். சண்டையின் முழு இலக்கணமும் அதற்குள் இருக்கிறது.

உயர்ந்த படியில் இருக்கும் தலைவர் நூறு ஈட்டி வீரர்களை வீழ்த்தினால், பழைய விதிப்படி முப்பது எலும்புக்கூடுகள் எழும். புதிய விதிப்படி பதினைந்து. வித்தியாசம் அந்த ஒரு போரோடு முடிவதில்லை. முப்பது பெற்றவர் அடுத்த போரை அதிகப் படையோடு தொடங்குகிறார், குறைவாக இழக்கிறார், மேலும் எழுப்புகிறார். வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான். விளையாட்டுக்குள் ஓடும் நாட்காட்டியில் சில மாதம் கழிவதற்குள் படை ஆயிரக்கணக்கில் பெருகிவிடும்.

தனியாக ஆடுபவருக்கு அதுதான் இன்பம். பிணநகரத்தை எடுத்துக்கொண்டு, தொடக்கத்தில் நோஞ்சானாக அலைந்து, பொறுமையாகச் சேர்த்து, முடிவில் எலும்புக்கூடுகளின் கடல் ஒன்றை நடத்திக்கொண்டு போய் எதிரியின் கோட்டை வாசலில் நிற்பது. அந்த நகரத்தின் கதையே அதுதான்: சாவு பெருகிக்கொண்டே போகும் என்ற அச்சம். கணினி எதிரிக்கு அநீதி நேர்ந்துவிட்டதே என்று யாரும் வருந்தப்போவதில்லை. எண்ணைப் பாதியாக்கினால் அந்தக் கதையின் கழுத்தையே பிடித்தது போல அவருக்குத் தோன்றுகிறது.

எதிரில் மனிதர் உட்கார்ந்திருக்கும் ஆட்டத்தில் இதே எண் வேறாகிவிடுகிறது. முப்பது விழுக்காடு இருக்கும்வரை, வெல்ல விரும்பும் எவரும் பிணநகரத்தையே எடுப்பார். எதிராளியும் அதையே எடுப்பார், அல்லது ‘அது கூடாது’ என்று ஆட்டத்துக்கு முன்பே தடை விதிப்பார். இரண்டில் எது நடந்தாலும் விளையாட்டு சுருங்கிவிடுகிறது. ஆர்மகெடான்ஸ் பிளேட் சேர்த்த கான்ஃப்ளக்ஸ் நகரத்துக்கு நேர்ந்ததும் அதுதான். அளவுக்கு மீறி வலுவாக இருந்ததால் பழைய போட்டிகள் பலவற்றில் அதை விலக்கியே வைத்தார்கள். எண்ணைக் குறைப்பது போட்டியாளருக்குப் பறிப்பு அல்ல. ஒதுக்கிவைத்த நகரம் ஒன்றை மீண்டும் பந்திக்குக் கூட்டிவருவது.

தாயம் ஆடிய எவருக்கும் இது எளிதாக விளங்கும். வெட்டுப் போடாமல் உள்கட்டத்துக்குப் போகலாமா கூடாதா என்பது ஊருக்கு ஊர் மாறும். காய் வைக்கும் முன்பே அதைப் பேசிக்கொள்வார்கள். இருவர் ஆடும்போது விதி என்பது அவர்களுக்கு நடுவே உள்ள ஒப்பந்தம். ஒருவர் தனியாக ஒரு கதைக்குள் நடக்கும்போது விதி என்பது அந்த உலகத்தின் இயற்கை, மழை பெய்வது போல, நெருப்புச் சுடுவது போல. ஒப்பந்தத்தைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். இயற்கையைத் திருத்தினால் உலகம் போலியாகிவிடுகிறது. இரு சாராரும் ஒரே எண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றாலும், ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. சண்டை தீராததற்கு இதுவே முதல் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

போட்டியாளர்கள் இந்த ஒப்பந்தத்தை எவ்வளவு தூரம் கொண்டு போயிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வழக்கத்தைச் சொல்லலாம். ஹீரோஸ் 3 போட்டிகளில் விரும்பிய நகரத்தையோ நல்ல தொடக்க இடத்தையோ பெறுவதற்காகத் தன் ஆரம்பத் தங்கத்தில் ஒரு பகுதியை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துப் பேரம் பேசுவார்கள். சமநிலை போதாத இடத்தை விலை பேசி நிரப்பிக்கொள்கிறார்கள். கதை ஆடுபவர் கனவிலும் நினைக்காத ஒன்று.

‘பிடிக்காவிட்டால் பழையதையே ஆடு’ என்றால் போதாதா?

மிக அடிக்கடி சொல்லப்படும் பதில் இது. பாதி உண்மைதான். தனியாடுபவர் பழைய பதிப்பை வட்டில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஆடலாம். ஆனாலும் பிரிந்து போவது அவ்வளவு எளிதாக இல்லை.

1. இணையத்தில் ஆட இருவரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். இதன் தொழில்நுட்பம் சுவையானது. 1997-இல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 28.8 கிலோபிட் வேக மோடத்தில் ஓட வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி அந்தக் கம்பியில் அனுப்ப முடியாது. ஆகவே ஆடுபவரின் கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள்: ‘இந்த வில்லாளர்கள் அந்த இடத்துக்குச் செல்லட்டும்.’ எஞ்சிய எல்லாவற்றையும் ஒவ்வொரு கணினியும் தனித்தனியே கணக்கிட்டு, ஒரே விடைக்கு வந்துசேரும். ஒரு கணினியில் வில்லின் வேகம் ஓர் எண் மாறியிருந்தாலும், இரண்டு கணினிகளும் இருவேறு போர்களைக் காட்டத் தொடங்கிவிடும். அத்தோடு ஆட்டம் முறியும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ம் இந்த முறையில்தான் ஓடுகிறது.

2. எனவே போட்டியாட்டத்தில் ‘என் விருப்பம், உன் விருப்பம்’ என்பது கிடையாது. இணையத்தில் எதிராளியைத் தேடும் கூடமான லாபியில் இரவு பத்து மணிக்கு ஆள் கிடைக்க வேண்டுமானால் எல்லாரும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். சமூகம் இரண்டாகப் பிரிந்தால் காத்திருக்கும் நேரம் கூடும், ஆட்கள் சலித்துப்போவார்கள், சிறிய பக்கம் வற்றிவிடும். போட்டியாளர்கள் ‘எல்லாரும் புதிய பதிப்புக்கு வாருங்கள்’ என்று வலியுறுத்துவது ஆணவத்தால் அல்ல.

3. தனியாடுபவரும் தனித்தீவு அல்லர். அவர் ஆடும் மேப்களைச் செய்பவர்கள் இருக்கிறார்களே. ஹோட்டா பழைய ஷேடோ ஆஃப் டெத் மேப்களைத் திறக்கும். ஹோட்டாவின் எடிட்டரில் செய்த மேப்பைப் பழைய விளையாட்டு திறக்காது. மேப் செய்பவர்கள் புதிய பக்கம் நகர நகர, பழைய பக்கத்தில் இருப்பவருக்குப் புதிதாக ஒன்றும் வருவதில்லை. கதவு ஒரு பக்கமாக மட்டும் திறக்கிறது.

4. பழைய மேப் புதிய விதியில் திறந்தாலும் அது அதே மேப்பாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒருவர் 2001-இல் ஒரு மேப் செய்கிறார். ‘இந்தக் காவல் படையை வெல்ல இவ்வளவு எலும்புக்கூடுகள் தேவைப்படும், அதற்குள் நான்காம் வாரம் ஆகிவிடும்’ என்று கணக்கிட்டு வைக்கிறார். எண் பாதியானால் அந்தக் கணக்கு பொய்க்கிறது. மேப் உடையாது, ஓடும். ஆனால் அதன் தாளம் கெட்டுப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராததால் இந்தக் குறையை எடுத்துச் சொல்வதே தனியாடுபவருக்குக் கடினமாகிவிடுகிறது.

உழைப்பு யாருக்காக?

சம்பளம் இல்லாத வேலையில் பணத்தைவிட அரியது மாலை நேரம். ரசிகர் குழு ஒரு மாலையை லாபிக்குச் செலவிட்டால் அந்த மாலை கதைக்குக் கிடையாது.

போட்டியாட்டத்துக்குத் தேவையானவை தெளிவானவை, எண்ணத்தக்கவை. முறைவைத்து ஆடும் விளையாட்டில் எதிராளி யோசித்து முடிக்கும்வரை காத்திருப்பது பெரும் தொல்லை. ஆகவே இருவரும் சந்திக்கும்வரை ஒரே நேரத்தில் ஆடும் வசதி வேண்டும். சதுரங்கக் கடிகாரம் போன்ற நேரக் கணக்கு வேண்டும். இருவருக்கும் சமமான மேப்பைத் தானே உருவாக்கும் ‘டெம்ப்ளேட்’கள் வேண்டும். ‘ஜீபஸ் கிராஸ்’ என்ற புகழ்பெற்ற டெம்ப்ளேட் ஒவ்வொருவருக்கும் தனித் தொடக்க நிலத்தைக் கொடுத்து, நடுவே புதையல் நிறைந்த பாலைவனம் ஒன்றை வைக்கிறது. யார் முன்னே புகுந்து அதைச் சூறையாடுகிறார்கள் என்பதே ஆட்டம்.

தனியாட்டத்துக்குத் தேவையானவை இப்படி வரிசையில் நிற்பவை அல்ல. நல்ல கதை வேண்டும், நல்ல எழுத்து வேண்டும். எல்லாவற்றையும்விட, புத்தியுள்ள கணினி எதிரி வேண்டும். புதிய கட்டடம் ஒன்றைச் சேர்த்தால் மனிதர் ஒரு முறை படித்துப் புரிந்துகொள்வார். கணினிக்கு அதை யாராவது நிரலில் கற்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அந்தக் கட்டடத்தைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். விதிகள் நுணுக்கமாக நுணுக்கமாக, மனித எதிரி கூர்மையாகிறார். கற்பிக்கப்படாத கணினி எதிரி மேலும் மந்தமாகிறது. இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தனியாடுபவர்களின் மனக்குறையில் மிக நியாயமானது இதுவே.

ஹோட்டா குழுவுக்கு இங்கே நியாயம் செய்ய வேண்டும். கடற்கொள்ளையர்களின் கோவ் நகரத்தோடு 2011-இன் இறுதி நாளில் வந்த முதல் பதிப்பிலிருந்து, சொந்தமாகக் கேம்பெயின்களும் எழுதி வந்திருக்கிறார்கள். ஃபாக்டரியும் தன் கேம்பெயினோடுதான் வந்தது. அவர்கள் தனியாடுபவர்களைக் கைவிட்டார்கள் என்பது உண்மையல்ல. ஒரு குழு இரண்டு வீடுகளுக்கும் சமைக்கிறது, அடுப்பு ஒன்றுதான்.

ஃபாக்டரியைப் பற்றி இன்னொன்று. ஆர்மகெடான்ஸ் பிளேட்டுக்காக முதலில் திட்டமிடப்பட்டது ‘ஃபோர்ஜ்’ என்ற எந்திர நகரம். மந்திர உலகத்தில் எந்திரமா என்று 1999-இல் ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நிறுவனம் அதைக் கைவிட்டுக் கான்ஃப்ளக்ஸைக் கொண்டுவந்தது. கால் நூற்றாண்டு நெருங்கும்போது, அதே விளையாட்டுக்குள் எந்திரங்களின் நகரம் ரசிகர்கள் கையாலேயே நுழைந்திருக்கிறது.

எதிர்த் திசையில் போன தொகுப்பு

எல்லா ரசிகர் மோட்களும் போட்டியாளர் பக்கம் சாய்வதில்லை. ஹோட்டாவுக்குப் பத்தாண்டு முன், 2001-இல், ‘இன் தி வேக் ஆஃப் காட்ஸ்’ என்ற மோட் ரஷ்யாவிலிருந்து வந்தது. அதைச் சுருக்கமாக ‘வாக்’ என்பார்கள். அது தனியாடுபவரின் விருந்து. படைவீரர்கள் போருக்குப் போர் அனுபவம் பெற்று வளர்வார்கள். தலைவரோடு தளபதி ஒருவரும் போருக்கு வருவார். வேண்டியதை ஏற்றவும் வேண்டாததை இறக்கவும் தேர்வுகள் குவிந்து கிடக்கும். இஆர்எம் என்ற ஸ்கிரிப்ட் மொழியையும் அது கொடுத்தது. மேப் செய்பவர்கள் அந்த மொழியில், மூல விளையாட்டு நினைத்துப் பார்க்காத கதைகளை எழுதினார்கள்.

போட்டியாளர்களிடம் வாக் எடுபடவில்லை. அத்தனை தேர்வுகளில் எவை ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதில் இருவர் உடன்படுவதே பெரும்பாடு. சமநிலையை எடைபோட வழியே இல்லை. தனியாடுபவருக்கு வரம்பற்ற தேர்வு வரம். அதே தேர்வுகள் இரண்டு அந்நியர்களுக்கு நடுவே வந்தால் வழக்குதான். ஹோட்டாவோ மூல விளையாட்டின் சாயலைவிட்டு விலகாமல், நிறுவனமே மூன்றாவது விரிவாக்கம் செய்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருக்க முயல்கிறது. வாக்கின் காட்டு வளத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அது இறுக்கமாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: மோட் அரசாணையான கதை

இங்கே கதை தலைகீழாக நடந்தது. என்செம்பிள் ஸ்டுடியோஸ் 1999-இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, 2000-இல் வந்த ‘தி கான்கரர்ஸ்’ விரிவாக்கத்தோடு 18 நாகரிகங்களை எட்டியது; இங்கே ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் தரப்பின் பெயர் நாகரிகம். என்செம்பிள் 2009-இல் மூடப்பட்டது. 2012-இன் இறுதியில் ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற ரசிகர் மோட் ஐந்து புதிய நாகரிகங்களைச் சேர்த்தது: இத்தாலியர், இந்தியர், இன்காக்கள், மக்யார்கள், ஸ்லாவியர். அடுத்த ஆண்டே, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கும் வந்த எச்டி பதிப்புக்கு அதிகாரபூர்வ விரிவாக்கமாக அது ஏற்கப்பட்டது. ரசிகர்கள் தொழில்முறை ஸ்டுடியோ ஆனார்கள்.

தனியாடுபவர்கள் மகிழ்ந்தார்கள்: புதிய கேம்பெயின்கள், புதிய நாடுகள். கைதேர்ந்த போட்டியாளர்களோ நெடுங்காலம் எச்டி பதிப்புக்கு வரவில்லை. இணையத்தில் அது தடுமாறியது. அவர்கள் ‘வூப்லி’ என்ற தளத்திலேயே, ‘யூசர்பேட்ச்’ என்ற இன்னொரு ரசிகர் திருத்தத்தோடு பழைய கான்கரர்ஸையே ஆடினார்கள். யூசர்பேட்ச் பிழைகளை நீக்கி, அகலத் திரைக்கு வழிசெய்து, ஓட்டத்தைச் சீராக்கியது. பிறகு புதிய நாகரிகங்களை வூப்லிக்குக் கொண்டுவரவும் ‘வோலோலோகிங்டம்ஸ்’ என்று இன்னொரு மோட் தேவைப்பட்டது. ஆக ஹீரோஸில் பழமையைக் காத்தவர்கள் தனியாடுபவர்கள், இங்கே போட்டியாளர்கள். பழமை, புதுமை என்ற பிரிவு இந்தச் சண்டையை விளக்காது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே சான்று. 2019 நவம்பரில் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்ற புதிய அதிகாரபூர்வப் பதிப்பு வந்தபின்தான் இரு கூட்டமும் பெருமளவுக்கு ஒரு கூரையின் கீழ் வந்தன.

அந்த ரசிகர் மோட் விதைத்த ஒற்றை ‘இந்தியர்’ நாகரிகத்தின் பின்கதை நமக்கு நெருக்கமானது. 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ அந்த ஒற்றைப் பெயரைப் பிரித்தது. இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று நான்கு தரப்புகள் வந்தன. திராவிடப் படைவீரர்கள் திரையில் தமிழில் பதில் சொல்கிறார்கள். உருமி வாள்வீரர் அவர்களுடைய தனிப்படை. திரிசடை என்ற கப்பலும் அவர்களுக்கு உண்டு. கேம்பெயினின் நாயகன் ராஜேந்திர சோழன்.

கதையாக ஆடுபவருக்கு, குறிப்பாகத் தமிழருக்கு, இது மார்பை நிமிர்த்தும் சேர்க்கை. போட்டியாளர்களின் பேச்சு வேறு. திராவிடருக்கு நைட் எனப்படும் கனத்த குதிரைப்படை கிடையாது. கடல் உள்ள மேப்களில் வலுவானவர்கள், திறந்த நிலமான ‘அரேபியா’ மேப்பில் தடுமாறுகிறார்கள். அதிகம் ஆடப்படுவதோ அரேபியாதான். வரலாற்றைப் பார்த்தால் கடற்படையால் ஸ்ரீவிஜயம் வரை சென்ற சோழர்களைக் கடலில் வலுவாகவும் குதிரையில் மெலிவாகவும் படைத்தது பொருத்தமே. அதே பொருத்தம் தரவரிசை ஆட்டத்தில் குறையாகிறது. நெக்ரோமான்சியின் முப்பது விழுக்காட்டில் பார்த்த அதே முரண்தான் இது.

தீர்வு என்று சொல்லத்தக்கவை

மூன்று வழிகள் நடைமுறையில் தேறியிருக்கின்றன.

1. விதியைத் தொடாமல் களத்தை மாற்றுவது. ஸ்டார்கிராஃப்டின் ‘ப்ரூட் வார்’ விரிவாக்கத்தில் படைகளின் எண்களைத் திருத்திய கடைசி பேட்ச் 2001-இல் வந்த 1.08. அதற்குப் பிறகும் கொரியாவின் தொழில்முறைப் போட்டிகள் ஆண்டுக்கணக்கில் செழித்தன. ஒரு தரப்பு ஓங்கினால், அதற்குச் சற்றுக் கடினமான புதிய மேப்களைப் போட்டி நடத்துபவர்கள் கொண்டுவந்தார்கள். கதை ஆடுபவரின் உலகம் கலையவே இல்லை. என் மதிப்பீட்டில் இதுவே மிக மேலான வழி.

2. விதிமாற்றத்தைப் போட்டிக் களத்துக்குள் அடைப்பது. ஹோட்டாவின் டெம்ப்ளேட்கள் குறிப்பிட்ட தலைவர்களையும் திறன்களையும் மந்திரங்களையும் அந்த ஆட்டத்துக்கு மட்டும் விலக்க முடியும். பறக்கும் மந்திரமோ தாவும் மந்திரமோ போட்டியைக் கெடுக்கிறதா, டெம்ப்ளேட்டில் தடுத்தால் போதும். கேம்பெயினில் அது இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வசதி இருக்கும்போது எல்லாருக்குமான எண்ணையே மாற்றுவதற்கு முன் இன்னொரு முறை யோசிப்பது நல்லது.

3. தேர்வாக வைப்பது. ஹீரோஸ் 3-க்கு ரசிகர்கள் செய்த எச்டி மோட், திரை அளவை மட்டும் பெரிதாக்கும் நிலையையும், கூடுதல் வசதிகள் சேர்ந்த நிலையையும் தனித்தனியே தருகிறது. இதே 1999-இல் வந்த ‘ஜாக்ட் அலையன்ஸ் 2’-க்கு ரசிகர்கள் செய்த 1.13 தொகுப்பில் ஏறக்குறைய எல்லாமே ஓர் அமைப்புக் கோப்பில் மாற்றத்தக்கவை. அது அடிப்படையில் தனியாட்டமாக இருந்ததால் அந்தச் சுதந்திரம் யாரையும் இடிக்கவில்லை. வாக்கின் அனுபவம் காட்டுவது போல, போட்டிக்களம் உள்ள விளையாட்டில் இந்த வழிக்கு எல்லை உண்டு.

எதை நிறுவுவது?

முதல்முறையாக ஹீரோஸ் 3-க்குள் வருபவர்களுக்கு, மேலே சொன்னவற்றிலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள்:

1. இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த ‘கம்ப்ளீட்’ தொகுப்பையே வாங்க வேண்டும். 2015-இன் எச்டி பதிப்பில் ஹோட்டாவும் ஓடாது, ரசிகர்களின் எச்டி மோடும் ஓடாது. பெயர் ஒற்றுமையால் ஏமாறுபவர்கள் ஏராளம்.

2. மூலக் கேம்பெயின்களை ஒரு முறையாவது பழைய எண்களோடு, எச்டி மோடின் துணையோடு ஆடலாம். அந்த மேப்கள் அந்த எண்களுக்காகச் செய்யப்பட்டவை.

3. மனிதரோடு ஆட வேண்டுமானால் ஹோட்டாவின் அண்மைப் பதிப்பு. ஆட்டத்துக்கு முன் டெம்ப்ளேட்டில் எவை தடைசெய்யப்பட்டிருக்கின்றன என்பதைப் படித்துவிட வேண்டும்.

4. இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள் விளையாட்டை இரண்டு தனி ஃபோல்டர்களில் படியெடுத்துக்கொள்ளலாம். பாதியில் நிற்கும் பெரிய ஆட்டம் இருந்தால் அதை முடித்த பிறகு புதுப்பிக்கலாம்.

5. மேப் செய்பவர்கள் எந்தப் பதிப்பின் எந்த விதிகளை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதை மேப்பின் விவரத்திலேயே ஒரு வரி எழுதிவைக்கலாம். இருபது ஆண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.